இலவச வானிலைச் செயலி: விலை கொடுப்பவர் யார்?

பொழுது புலருமுன் வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் ரப்பர் தோட்டங்களில் வாழும் நமக்குப் பரம்பரையாக வந்ததாகும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டி முடித்தபின் மழை பிடித்துக்கொண்டால் மங்கில் சேர்ந்த பால் நீரோடு கலந்து வீணாகிறது. ஈரப் பட்டையில் வெட்டுவதால் வெட்டிய இடத்தில் பூஞ்சை நோய் பற்றுவதும் உண்டு. ஆகவே, நாளைக் காலை மழை உண்டா, இல்லையா என்பது நமக்கு வெறும் பேச்சன்று. அன்றைய வருமானத்தைப் பற்றிய கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடை கூற இன்று கைப்பேசியில் எத்தனையோ செயலிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு காசும் வாங்காமல் ஏதோ ஒரு நாட்டிலுள்ள நிறுவனம் நமக்கு நாள்தோறும் வானிலை கூறுவது ஏன்? இதனை விளங்கிக்கொள்ள, இவ்வழக்கம் வளர்ந்த அமெரிக்க நாட்டின் மேசைக் கணினிகளை நாம் முதலில் பார்க்க வேண்டும்.

மேசைக் கணினியில் வளர்ந்த வழக்கம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த நிறுவனமொன்று 1990-களில் பள்ளிக்கூடங்களில் வானிலைக் கருவிகளைப் பொருத்தி வந்தது. அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 'வெதர்பக்' என்னும் கணினி நிரலை வெளியிட்டது. அது கணினித் திரையின் ஓரத்தில் அவ்வூரின் வெப்பநிலையை எந்நேரமும் எண்ணாகக் காட்டிக்கொண்டிருக்கும். புயல் எச்சரிக்கை வெளியானால் பூச்சி கத்துவதைப் போல் ஒலியெழுப்பும். மக்கள் அதனை விரும்பி ஏற்றனர்.

நிரல் இலவசம், ஆனால் அதனைத் திறக்கும் போதெல்லாம் வானிலைச் செய்தியோடு விளம்பரங்களும் தோன்றின. விளம்பரம் வேண்டாம் என்போர் கட்டணம் செலுத்தி வேறொரு பதிப்பைப் பெறலாம். அதாவது, காசு கொடுக்காதவருக்காக விளம்பரதாரர் காசு கொடுத்தார்.

விளம்பரதாரர் வானிலையை நாடுவது ஏன்?

இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, பழக்கம். ஒரு விளம்பரத் தாளை நாம் ஒருமுறை பார்த்துவிட்டு எறிந்துவிடுவோம். வானிலையையோ ஒரே நாளில் பலமுறை பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் விளம்பரம் கண்ணில் படுகிறது.

இரண்டாவது, இடம். நம் ஊர் எதுவென்று கூறாமல் நம் ஊர் வானிலையை அறிய முடியாது. எனவே நாமே நம் இருப்பிடத்தைத் தெரிவித்துவிடுகிறோம். எந்த ஊர்க்காரருக்கு எந்தக் கடையின் விளம்பரத்தைக் காட்டலாம் என்பது விளம்பரதாரருக்கு எளிதில் விளங்கிவிடுகிறது.

மூன்றாவது, வானிலையே வாணிபத்தை நடத்துகிறது. வெயில் காய்ந்தால் குளிர்பானம் விற்கும். மழை பெய்தால் குடை விற்கும்.

இவற்றோடு மற்றொன்றையும் கருத வேண்டும். அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய வானிலைச் சேவை தான் திரட்டும் விவரங்களை எவரும் பயன்படுத்த அனுமதிக்கிறது. பொதுமக்களின் வரிப்பணத்தில் திரட்டப்பட்ட செய்திக்கு அழகிய உறையிட்டு வழங்குவதற்குத் தனியாருக்குப் பெரும் செலவு ஏற்படுவதில்லை.

வேண்டாத விருந்தாளி

விளம்பரத்தால் நடப்பது குற்றமன்று. நாளிதழும் தனியார் வானொலியும் அவ்வாறே நடக்கின்றன. மறைத்து நடப்பதே குற்றம்.

'கேட்டர்' என்ற அமெரிக்க நிறுவனம் 'வெதர்ஸ்கோப்' என்னும் இலவச வானிலை நிரலை வழங்கி வந்தது. அதனை ஏற்றுக்கொண்டவரின் கணினியில் விளம்பர நிரலொன்றும் சேர்ந்தே குடிபுகுந்தது. கணினியை வைத்திருப்பவர் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறார் என்பதைக் கவனித்து, அவற்றின்மேல் வேறு விளம்பரங்களை அது தோன்றச் செய்தது. இதனை எதிர்த்து 2002-இல் அமெரிக்க நாளிதழ் நிறுவனங்கள் சில வழக்குத் தொடுத்தன. 2003-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவ்வாண்டிலேயே நிறுவனம் 'கிளாரியா' எனப் பெயரை மாற்றிக்கொண்டது. 2006-இல் அவ்விளம்பரத் தொழிலையே கைவிட்டது.

கணினியிலிருந்து கைப்பேசிக்கு

மேசைக் கணினி ஓரிடத்திலேயே இருப்பது. கைப்பேசியோ நம்மோடு வீட்டிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் வருகிறது. ஆகவே இருப்பிடச் செய்தியின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. மேலே கூறிய வெதர்பக்கை 2016-இல் விலைக்கு வாங்கிய நிறுவனம், இருப்பிடத்தைக் கொண்டு விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனமே என்பது குறிப்பிடத்தக்கது.

'வெதர் சேனல்' செயலி, மக்களின் இருப்பிட விவரங்களைத் திரட்டி வாணிபத்திற்குப் பயன்படுத்துவதைத் தெளிவாகக் கூறவில்லையென்று லாஸ் ஏஞ்சலஸ் நகர வழக்கறிஞர் 2019 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். 2020-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, அவ்விவரத்தை மேலும் தெளிவாக அறிவிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இது தொலைதூரச் செய்தியென்று நாம் இருந்துவிட இயலாது. குறைந்த விலை அல்காடெல் கைப்பேசிகளில் இருந்த வானிலைச் செயலியொன்று, பயன்படுத்துவோர் அறியாமலேயே அவர்களைக் கட்டணச் சேவைகளில் சேர்க்க முயன்றதாக 'அப்ஸ்ட்ரீம்' என்ற பாதுகாப்பு நிறுவனம் குற்றஞ்சாட்டியது. 2019-இன் தொடக்கத்தில் இச்செய்தி வெளியாயிற்று. அவ்வாறு குறிப்பிடப்பட்ட நாடுகளுள் மலேசியாவும் ஒன்று.

நாம் செய்ய வேண்டியவை

முதலில், செய்தியின் ஊற்றிடத்திற்கே செல்லலாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தனது இணையத்தளத்திலும், 'மைசுவாச்சா' செயலியிலும் வானிலை அறிவிப்பை இலவசமாக வழங்குகிறது. நாள் முழுவதற்கும் ஒரே மேகப் படத்தைக் காட்டும் செயலி நமக்கு அதிகம் உதவாது. பால் வெட்டுவோருக்கு வேண்டியது காலை நேரத்தின் நிலையே. அத்துறை காலை, பிற்பகல், இரவு எனப் பிரித்தே கூறுகிறது. தொடர்மழைக் காலத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கையும் விடுக்கிறது.

வேறு செயலியை விரும்புவோர், அது இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டால் மறுத்துவிட்டு, அருகிலுள்ள பட்டணத்தின் பெயரை மட்டும் பதியலாம். வானிலை கூறுவதற்கு நம் உறவினரின் தொலைபேசி எண்களோ, நமக்கு வரும் குறுஞ்செய்திகளோ தேவையில்லை. அவற்றைக் கேட்கும் செயலியை நீக்கிவிடுவதே நன்று.

கைப்பேசியில் போட்டு வைத்த பணம் காரணமின்றிக் குறைந்தால், தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து, எந்தக் கட்டணச் சேவையில் நம் எண் சேர்க்கப்பட்டுள்ளதெனக் கேட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். அங்கே தீர்வு கிட்டாவிடில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். படித்த பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் கைப்பேசிகளை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நலம்.

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது விலை கேட்பது நம் வழக்கம். விலையில்லை என்று கூறப்படும் பொருளுக்கும் அதே கேள்வியைக் கேட்போமாக. மழையை அறிந்துகொள்ளும் ஆவலில், உழைத்து ஈட்டிய காசையும் நம் வீட்டுச் செய்தியையும் பிறர் கையில் கொடுத்துவிடாமல் காப்போமாக.