விரல்கள் மறுத்தாலும் வேலை நடக்கும்!

புரோகிராம் எழுதுபவருக்குப் பத்து விரல்களும்தான் மூலதனம். எனக்கு நோய் வந்ததும் அங்கேதான். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்து மூன்றாவது ஆண்டு. வயது 24. காலையில் எழுந்தால் இரு கை விரல்களும் மடங்காது. ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைத்தே இருக்கும். பேஸ்ட் மூடியைத் திறக்கக்கூட அம்மா வர வேண்டும். இரத்தப் பரிசோதனைக்குப் பின் டாக்டர் சொன்ன பெயர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம் என்பார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், இனி டைப் செய்ய முடியுமா?" என்பதுதான். கல்விக் கடன் பாதிதான் அடைந்திருந்தது.

நோய் என்ன செய்கிறது?

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதுதான் இந்த நோய். வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் மூட்டுகள் சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். எனக்கு மெத்தோட்ரெக்சேட் தரப்படுகிறது. இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மறந்துபோய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே செல்போனில் வாராந்திர அலாரம் வைத்திருக்கிறேன்.

கை கொடுத்த வசதிகள்

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஆபீஸ் வேலை நிற்காது அல்லவா? விண்டோஸின் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதியைத் திறந்தேன். அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஸ்டிக்கி கீஸ்: ஷிப்ட் கீயை ஐந்து முறை தட்டினால் இந்த வசதியை இயக்கலாமா என்று கேட்கும். இயக்கினால் கண்ட்ரோல், ஆல்ட் போன்ற கீகளைச் சேர்த்து அழுத்த வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும்.

மவுஸ் கீஸ்: வலப்பக்க எண் கீகளால் மவுஸ் அம்புக்குறியை நகர்த்தலாம்.

குரல் வழி: கூகுள் டாக்ஸை குரோமில் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் தேர்வு செய்து, மொழியைத் தமிழ் என மாற்றிப் பேசினால் எழுத்தாகிவிடும். மெயில், அறிக்கை எல்லாம் எனக்கு இப்படித்தான்.

தமிழ்99: தமிழில் டைப் செய்பவர்கள் இதைப் பழகிக்கொள்வது நல்லது. ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும், 'ங'வை அடுத்து 'க' வந்தாலும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'தங்கம்' என்ற சொல்லை ஆங்கில எழுத்து வழி அடித்தால் 7 தட்டல்கள். தமிழ்99-ல் 5 போதும். வீங்கிய விரலுக்கு அந்த இரண்டு தட்டல் பெரிய விஷயம்.

புதிய வேலை

மவுஸைத் தொடாமல் வேலை செய்யப் பழகியபோது ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் நிறுவனம் தயாரித்த ஒரு விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதியை மவுஸால் மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். கீபோர்டில் டேப் கீயை எத்தனை முறை தட்டினாலும் அந்தக் கட்டத்திற்குள் போக முடியவில்லை. இதை எழுதிக் கொடுத்தேன். "மற்ற பக்கங்களையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் டீம் லீடர். ஒரு வாரத்தில் நீளமான பட்டியலே தயாரானது.

இதற்கென்றே உலக அளவில் விதிகள் இருப்பதை அப்போதுதான் படித்தேன். டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூசிஏஜி விதிகளின்படி, ஒரு பக்கத்தின் செயல்களைக் கீபோர்டாலும் செய்ய முடிய வேண்டும். 2023-ல் வந்த 2.2 பதிப்பு, இழுத்து நகர்த்தும் செயலுக்கு மாற்று வழி தரவும், பட்டன் போன்றவற்றை, சில விலக்குகள் தவிர, குறைந்தது 24க்கு 24 பிக்சல் அளவில் வைக்கவும் சொல்கிறது. என் விரல்கள் தினமும் சொல்வதும் இதைத்தான்!

இப்போது எனக்கு அதுவே முழுநேர வேலை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரையும் கற்றுக்கொண்டு சோதனை செய்கிறேன். நாள் முழுக்க கோடிங் எழுதியபோது யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியாது. இன்று தெரியும். திருத்திய படிவத்தைப் பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த ஒருவர் யார் உதவியும் இல்லாமல் நிரப்பியதாக எழுதியிருந்தார். அந்த மெயிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வலி போய்விடவில்லை. மழைக்கால வாரங்கள் எனக்குச் சிரமம்தான். அந்நாட்களில் குரல் வழி வேலை, இடையிடையே ஓய்வு, அவ்வளவுதான்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். காலையில் விரல் விறைப்பும் வீக்கமும் சில வாரங்கள் தொடர்ந்தால், தைலம் தடவிக் காத்திருக்காமல் மூட்டுநோய் டாக்டரைப் பாருங்கள். அடுத்து, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ்பார், அம்பு கீகளால் மட்டும் வேலை செய்து பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ, அந்தத் தளத்தின் கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.