கிரீன் கார்டு மாப்பிள்ளை!

நரிக்குடிப் பக்கம் 'பையன் கிரீன் கார்டு' என்று தரகர் சொன்னாலே காபியில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை விழும். போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்க சார்: "தம்பி, கார்டு கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

விஷயம் இருக்கிறது. ஹெச்-1பி விசாவில் வேலைக்குப் போனவர் மனைவியை ஹெச்-4ல் சீக்கிரமே அழைத்துக்கொள்ளலாம். கார்டு வாங்கிய பிறகு தாலி கட்டியவரோ, 'எஃப்2ஏ' க்யூவில் நிற்க வேண்டும். தற்காலிகமாகப் போனவருக்குப் பக்கத்தில் மனைவி. நிரந்தரமாகத் தங்கியவருக்குக் கல்யாண ஆல்பம்! டூரிஸ்ட் விசா கேட்டால், 'போனால் திரும்பமாட்டாய்' என்று பெரும்பாலும் கைவிரிப்பார்கள்.

1990களில் இந்தக் காத்திருப்பு வருடக்கணக்கில் இழுத்தது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹெச்-1பிக்கே இறங்கி வந்த கணவர்களும் உண்டு. 2000 டிசம்பரில் 'வி' விசா வந்தது. அதுவும் அந்த மாதம் 21-ம் தேதிக்குள் மனுப் போட்டு, மூன்று வருடம் காத்தவர்களுக்குத்தான்.

சரி, போய்ச் சேர்ந்த பெண்? ஹெச்-4 என்றால் வேலைக்குப் போக முடியாது. எம்.சி.ஏ. படித்தவர் சாம்பார் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க வேண்டியதுதான். 2015 மே முதல், கணவரின் ஐ-140 மனு தேறியிருந்தால் அனுமதி கேட்கலாம். கார் ஓட்டத் தெரியாவிட்டால் கடைக்குக்கூட கணவரை நம்பித்தான். நரிக்குடி மாதிரி, பஸ்ஸை விட்டால் யாரோ ஒரு சித்தப்பா டூவீலரில் வந்து ஏற்றிக்கொள்ளமாட்டார்!

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. திருமணப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். நம்ம ஊர் இனிஷியல் அங்கே அப்பா பெயராக விரிந்து நிற்கும்.