தன்னையும் எண்ணும் கணக்குப்பிள்ளை

2022 ஏப்ரல் 3 இரவு சித்தூர் மாவட்டத்தில் தூங்கப்போன வரதய்யபாளையத்துக்காரர்கள், மறுநாள் திருப்பதி மாவட்டத்தவர் ஆனார்கள். ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் அன்று 26 ஆயின. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாறியது கணக்கு மட்டும்.

கணக்கு என்றால் இன்று கணினி. நிலம், ரேஷன், ஓய்வூதியம், பள்ளி என்று ஒரு தரவுத்தளத்தில் 400 அட்டவணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எவற்றிலெல்லாம் 'மாவட்டம்' என்ற நெடுவரிசை இருக்கிறது? கட்டியவர் வேலை மாறிப் போய்விட்டார், கையேடும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் வாரக்கணக்கில் ஆகும்.

தரவுத்தளத்தையே கேட்டுவிடலாம். அதற்குள் இன்னொரு வகை அட்டவணைகளும் உண்டு. ஊரைப் பற்றியோ ஆட்களைப் பற்றியோ அவற்றில் ஒன்றும் இராது. எந்த அட்டவணைக்கு என்ன பெயர், அதில் என்னென்ன நெடுவரிசைகள், ஒவ்வொன்றிலும் எழுத்தா, எண்ணா, தேதியா என்ற விவரம்தான் இருக்கும். ஓர் அலுவலகத்தின் பதிவேடுகளையெல்லாம் வரிசையாகக் குறித்துவைத்த பதிவேடு மாதிரி. இதையே மெட்டாடேட்டா என்கிறார்கள்.

தரவை அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970இல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து எழுதியவர் எட்கர் காட். 1985இல் அவர் வகுத்த விதிகளில் நான்காவது இதைத்தான் சொல்கிறது: தரவுத்தளத்தின் அமைப்பைப் பற்றிய விவரமும் சாதாரணத் தரவைப் போலவே இருக்க வேண்டும், தரவைக் கேட்கும் அதே மொழியில் அதையும் கேட்க முடிய வேண்டும். அப்படிக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிலை இந்த விவரத் தொகுப்புக்கு 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்று பொதுப்பெயர் வைத்தது. ஆகவே, "நெடுவரிசைகளைப் பட்டியலிடும் காலம்ஸ் என்ற அட்டவணையில், நெடுவரிசையின் பெயரில் 'மாவட்டம்' வரும் வரிகளைக் காட்டு" என்று ஒரே வரியில் கேட்டால், நொடியில் பட்டியல் வந்துவிடும்.

பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் தலை எண்ணிய கதை நினைவிருக்கிறதா? எண்ணியவன் தன்னை விட்டுவிட்டதால் ஒரு தலை குறைந்தது. தரவுத்தளங்களில் தன்னை எண்ணுவதும் உண்டு, விட்டுவிடுவதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அட்டவணைகளைப் பட்டியலிடும் 'பிஜி கிளாஸ்' அட்டவணை, தனக்கும் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. கைபேசிகளுக்குள் இருக்கும் எஸ்கியூலைட்டின் பட்டியலோ சீடனைப் போலத் தன்னை விட்டுவிடுகிறது. இங்கே அதனால் ஒன்றும் குறைந்துபோவதில்லை. அதன் பெயரும் வடிவமும் முன்கூட்டியே தெரிந்தவை.

இந்தப் பட்டியல் திருடனுக்கும் உதவும். இணையதளத்தின் ஓட்டை வழியாகத் தரவுத்தளத்துக்குள் நுழைபவன் பெரும்பாலும் முதலில் தேடுவது இதைத்தான். எந்த அறையில் எந்தப் பெட்டி என்று அதுவே சொல்லிவிடுமே! நல்லவேளையாக, யாருக்கு எந்த அட்டவணையில் அனுமதி உண்டோ அதை மட்டும் காட்டும்படி இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவை அமைத்திருக்கிறார்கள்.

மாவட்டத்தைத் தேடிய அந்தக் கேள்விக்கு எட்டாத இடங்களும் உண்டு. 'மாவட்டம்' என்பதற்குப் பதில் 'மா2' என்று ஒருவர் பெயர் வைத்திருந்தால், பெயரை வைத்துத் தேடும் கேள்வியில் அது சிக்காது. முகவரி நெடுவரிசைக்குள் யாரோ தட்டிவைத்த 'சித்தூர் மாவட்டம்' என்ற எழுத்துகளும் தெரியாது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை மட்டுமே அது படிக்கும்.

அப்படிக் கண்ணில் படும் 'சித்தூர்' எல்லாம் பிழையும் அல்ல. 2015இல் வரதய்யபாளையத்தில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் சித்தூர் மாவட்டம் என்றுதான் இருக்க வேண்டும்; அன்று அது சித்தூர்தான். எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று தரவுத்தளம் சொல்லும். எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதைக் கணக்கு எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.