எல்லோரும் ஒரே கட்சி

விளையாட்டு என்றால் ஒருவர் ஜெயிக்க, மற்றவர் தோற்க வேண்டும் என்றே பழகியிருக்கிறோம். தாயம், பரமபதம், ஆடுபுலி எல்லாம் அப்படித்தான். இப்போது பெங்களூரில் பலகை விளையாட்டுக்கென்றே உணவகங்கள் வந்துவிட்டன. தனியாக ஆடுவதும், எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து ஆடுவதும் இளைஞர்களிடையே பெருகி வருகின்றன.

தனி ஆட்டம் நமக்குப் புதிதல்ல. பல்லாங்குழியில் சீதைப் பாண்டி உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியது என்பார்கள். என் பாட்டி ஆடிய விதம் இது. ஒரு வரிசையில் ஏழு குழி. இடமிருந்து 7, 6, 5, 4, 3, 2, 1 என மொத்தம் 28 சோழி. ஏழு உள்ள குழியை அள்ளி, வலப்பக்கம் ஒவ்வொன்றாகப் போட்டு, வரிசை முடிந்ததும் இடக்கோடியிலிருந்து தொடர வேண்டும். கடைசிச் சோழி, அள்ளிய குழியிலேயே விழும். ஏழு, அடுத்த குழிக்கு நகர்ந்திருக்கும். ஏழு முறை இப்படிச் செய்தால் பழைய வரிசை அப்படியே திரும்பிவிடும். பலகை இல்லாதவர்கள் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

சேர்ந்து ஆடுவதுதான் புதுமை. அமெரிக்கரான மேட் லீகாக் உருவாக்கி 2008-ல் வெளிவந்த 'பாண்டமிக்' இதில் பெயர் பெற்றது. உலகப் படத்தில் நான்கு கொள்ளை நோய்கள் பரவும். ஆளுக்கொரு வேலையை ஏற்று மருந்து கண்டுபிடிக்க வேண்டும். படத்திலுள்ள 48 நகரங்களில் சென்னை உண்டு, பெங்களூர் இல்லை! சென்னையில் நோய் கண்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். ரயில்வேயில் இருந்தவனுக்கு இது தெரிந்த சங்கதி: வண்டி தாமதமென்றால் டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோருக்கும் தாமதம்தான்.

ஒரு குறை உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு உத்தரவு போட ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்தப் பதவி மாப்பிள்ளைக்கு. 2013-ல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்ற 'ஹனாபி' சீட்டாட்டத்தில் அது நடக்காது. நம் சீட்டு நமக்குத் தெரியாது, மற்றவர்களுக்கே தெரியும். அவர்களும் நிறத்தையோ எண்ணையோதான் குறிப்பாகச் சொல்லலாம்.

அடுகோடியில் வளரும் என் பேரனுக்குத் தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். என் மனைவிக்குத் தமிழ் மட்டுமே. எதிரெதிராக ஆடும்போது பாட்டிக்கு விளங்காவிட்டால் பேரனுக்கு லாபம். சேர்ந்து ஆடும்போது பாட்டிக்கு விளங்காவிட்டால் அவனும் தோற்பான். அதனால் பாண்டமிக்கின் ஆங்கில அட்டை ஒவ்வொன்றையும் தமிழில் சொல்கிறான். போன வாரம், "குவாரன்டைனுக்குத் தமிழ் என்ன தாத்தா?" என்றான். நான் யோசிப்பதற்குள், "வெளியே விடாம வீட்டோட வச்சுக்கறதுடா" என்றாள் அவள்.

அன்று ஆட்டத்தில் நோய்தான் ஜெயித்தது.