மெட்டல் இசைத்தொகுப்புகளைத் திறனாய்ந்து கேட்டல்

மெட்டல் இசைத்தொகுப்புகளைத் திறனாய்ந்து கேட்டல் என்பது, ஹெவி மெட்டல், திராஷ் மெட்டல் ஆகிய இசைவகைகளில் புதிதாக வெளிவரும் தொகுப்பொன்றை அதன் உரப்பு, வேகம், கருப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு மட்டும் எடைபோடாமல், இசையமைப்பு, வாசிப்பு, ஒலிப்பதிவு என்னும் கூறுகளாகப் பிரித்துணர்ந்து மதிப்பிடுவதைக் குறிக்கும். இவ்விசைக்குப் புதியவர்கள் இதனை வெறும் இரைச்சல் என ஒதுக்குவது உண்டு. இதில் ஊறியவர்களோ வேகமும் உரப்பும் மிகுந்த எதனையும் சிறந்தது எனக் கொண்டாடுவது உண்டு. இரண்டும் கேட்காமல் கூறப்படும் தீர்ப்புகளே. மெட்டலின் "கனம்" என்பது ஒலியின் அளவிலிருந்து பிறப்பதன்று; சுரங்களின் தேர்வு, தாளத்தின் இடைவெளி, கருவிகளின் அடுக்கு ஆகியவற்றிலிருந்து பிறப்பது. ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் கனமாகவே ஒலிக்கும் பாடல்கள் உள்ளன.

தோற்றம்

ஹெவி மெட்டலின் தொடக்கமாகப் பலரும் கருதுவது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சபத் குழு 1970 பெப்ரவரியில் வெளியிட்ட முதல் தொகுப்பை ஆகும். அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, இளம் வயதில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உடையவராதலால் தந்திகளை அழுத்தும் கை அதுவே. நெகிழி உறைகளை விரலில் பொருத்தி, மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தி வாசித்த அவர், 1971 இல் வெளியான மூன்றாவது தொகுப்பில் பல பாடல்களுக்குத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். கீழிறங்கிய சுருதி பின்னர் இவ்விசைவகையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

திராஷ் மெட்டல் 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவானது. பிரித்தானிய ஹெவி மெட்டலின் கிட்டார் நுட்பமும் ஹார்ட்கோர் பங்க் இசையின் வேகமும் இதில் இணைந்தன. மெட்டாலிக்கா, சிலேயர், மெகாடெத், நியூயார்க்கின் ஆந்திராக்ஸ் ஆகியன "பெரிய நால்வர்" என அழைக்கப்படுகின்றன.

ரிஃப்

மெட்டல் பாடலின் அடிப்படை அலகு ரிஃப் ஆகும். திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிட்டார் சொற்றொடரே ரிஃப். திரைப்படப் பாடலில் பல்லவியின் மெட்டு நினைவில் நிற்பதுபோல் இங்கு ரிஃப் நினைவில் நிற்க வேண்டும். முதன்முறை கேட்டு முடித்தபின் ஒரு ரிஃப்பையேனும் வாயால் முணுமுணுக்க இயலவில்லையெனில், குறை கேட்பவரிடமா பாடலிலா என அறிய இரண்டாம் முறை கேட்பது நலம்.

கருநாடக இசை அறிந்தோருக்கு ரிஃப்பின் இலக்கணம் அந்நியமானதன்று. பவர் கார்டு எனப்படும் அடிப்படை ஒலிச்சேர்க்கை சட்சமமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பதே. பழந்தமிழ் இசைநூல்களின் சொல்லில் குரலும் இளியும். தம்புராவில் நாள்தோறும் கேட்கும் இணைதான் இது. ஒலியை உருக்குலைக்கும் டிஸ்டார்ஷன் கருவியின் வழியே காந்தாரம் போன்ற பிற சுரங்கள் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும். சட்சம பஞ்சமம் மட்டும் தெளிவாக நிற்கும். அதனாலேயே இச்சேர்க்கை நிலைபெற்றது. பிளாக் சபத் தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலில் பஞ்சமத்திற்கு அரைச்சுரம் கீழே உள்ள சுரத்தை, அதாவது பிரதி மத்தியமத்தின் இடத்தை, சட்சமத்திற்கு எதிராக நிறுத்தியது. அப்பாடலின் அச்சவுணர்வு அந்த இடைவெளியில் இருந்தே வருகிறது. திராஷ் குழுக்கள் மிகுதியாக எடுத்தாளும் பிரிஜியன் அளவுகோலின் சுரத்தானங்கள் எட்டாவது மேளகர்த்தாவான அனுமத்தோடியின் சுரத்தானங்களே. ஆயினும் தோடியின் உயிர் கமகத்தில் உள்ளது. திராஷ் ரிஃப்பிலோ சுத்த ரிடபம் சட்சமத்தின்மேல் ஓர் அடிபோல விழுகிறது. சுரத்தானம் ஒன்றென்பதால் இராகம் ஒன்றாகிவிடாது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது வலக்கை. உள்ளங்கையின் விளிம்பால் தந்திகளை இலேசாக அமுக்கியபடி மீட்டுவது திராஷின் முதன்மை உத்தி. அமுக்கிய மீட்டல் குறுகிய, இறுகிய ஒலியைத் தரும். அமுக்காத மீட்டல் நீண்டு ஒலிக்கும். இவ்விரண்டும் மாறி மாறி வரும் ஒழுங்கே ரிஃப்பின் தாளக்கட்டு, மிருதங்கத்தின் மூடிய சொல்லும் திறந்த சொல்லும் போல. வேகம் மட்டும் மிகுந்து இந்த வேறுபாடு மங்கிய தொகுப்புகள் பல. பத்துப் பாடல்களும் ஒரே பாடலாகத் தோன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

குரல்

தமிழ்த் திரையிசையில் குரல் முன்னே நிற்க, கருவிகள் அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கும். அப்பழக்கத்துடன் மெட்டலைக் கேட்பவர் குரலைத் தேடிச் சலிப்படைவார். இங்கு, குறிப்பாக உறுமும் குரல் வழங்கும் டெத் மெட்டல் போன்ற வகைகளில், குரல் மெட்டைச் சுமப்பதில்லை; தாளக் கருவிகளுள் ஒன்றாக நிற்கிறது. எனவே அங்கு பார்க்க வேண்டியது இனிமையை அன்று; அசைகள் ரிஃப்பின் அடிகளோடு எவ்வாறு பொருந்துகின்றன என்பதையே.

ஒலிப்பதிவும் உரப்புப் போரும்

நல்ல பாடல்களைப் பதிவு கெடுக்கலாம். எளிய பாடல்களைப் பதிவு உயர்த்தலாம். ஆகையால் இவ்விரண்டையும் பிரித்துக் கேட்பது திறனாய்வின் கடினமான பகுதியாகும்.

சிலேயரின் 1986 ஆம் ஆண்டுத் தொகுப்பான "ரெயின் இன் பிளட்" பத்துப் பாடல்களை ஏறத்தாழ 29 நிமிடங்களில் முடித்துவிடுகிறது. தயாரிப்பாளர் ரிக் ரூபின், அக்கால மெட்டல் பதிவுகளில் மிகுதியாகச் சேர்க்கப்பட்ட எதிரொலிப்பைப் பெருமளவு நீக்கினார். அவ்வேகத்தில் எதிரொலிப்பு இருந்திருப்பின் ஓர் அடியின் வால் அடுத்த அடியின்மேல் படிந்து அனைத்தும் குழைந்திருக்கும். உலர்ந்த ஒலியினால் ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்கிறது.

மெட்டாலிக்காவின் 1988 ஆம் ஆண்டுத் தொகுப்பு "...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்" இதற்கு எதிர்நிலை. சிக்கலான அமைப்புடைய நீண்ட பாடல்கள். ஆனால் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. 1986 இல் சுவீடனில் பேருந்து விபத்தில் இறந்த கிளிஃப் பர்டனுக்குப் பின் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பகுதிகள் ஒலிக்கலவையில் தாழ்த்தப்பட்டன. இசையமைப்பிற்கு ஒரு மதிப்பெண்ணும் கலவைக்கு வேறொரு மதிப்பெண்ணும் தர வேண்டிய தொகுப்பு இது.

உரப்புப் போர் என்பது 1990களிலிருந்து தொகுப்புகள் ஒன்றையொன்று விஞ்சும் உரப்புடன் வெளியிடப்பட்ட போக்காகும். பாடலின் மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உச்சங்களை நசுக்கி, முழுவதையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவர். உச்சங்கள் எல்லையைத் தாண்டி வெட்டுப்படும்போது கரகரப்புத் தோன்றும். 2008 செப்டம்பரில் வெளியான மெட்டாலிக்காவின் "டெத் மேக்னடிக்" இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதே பாடல்கள் "கிட்டார் ஹீரோ" என்னும் நிகழ்பட விளையாட்டிற்காகவும் வழங்கப்பட்டன. விளையாட்டில் இருந்த வடிவம் குறுவட்டைவிடத் தெளிவாக இருப்பதை இரசிகர்கள் கண்டனர். ஒரே வாசிப்பு, இரு வேறு ஒலி. மறுகலவை கோரி ஆயிரக்கணக்கானோர் மனு ஒன்றில் கையெழுத்திட்டனர். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தம்மிடம் வந்து சேர்ந்தபோதே கலவை நசுக்கப்பட்டிருந்ததாகத் தெரிவித்தார். கவனமாகக் கேட்கும் பொது வாசகர், தொழில்முறைக் கருவிகள் ஏதுமின்றியே ஒரு பதிவின் குறையைக் கண்டறிந்த நிகழ்வு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

மெட்டலில் இக்குறை இருமடங்கு தீங்கானது. முரசின் அடி மேலெழுந்து கேட்க ஒரு வெற்றிடம் வேண்டும். எல்லாமே உரக்க ஒலித்தால் எதுவும் உரக்க ஒலிக்காது.

ருத்ரா: கருப்பொருளைக் கடந்து கேட்டல்

சிங்கப்பூரைச் சேர்ந்த ருத்ரா குழு 1992 இல் தொடங்கப்பட்டது. தென்னிந்திய வம்சாவளியினரை மையமாகக் கொண்ட இக்குழுவின் பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞரும் கதிரேசன் ஆவார். டெத், திராஷ், பிளாக் மெட்டல் கூறுகளுடன் சமற்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இணைத்த இக்குழு தன் இசையை "வேத மெட்டல்" என அழைக்கிறது. குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுப்பு 1998 இலும், "பிரம்மவித்யா" என்னும் முத்தொகுப்பின் பகுதிகள் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேத மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கல்களையும் பற்றி 2009 இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

இத்தகைய குழு திறனாய்வாளருக்கு ஒரு சோதனையாகும். மேலைநாட்டுக் கேட்பவர் மந்திர ஒலியின் புதுமையில் மயங்கி ரிஃப்பைக் கவனியாது விடலாம். நம்மவர் பெருமிதத்தால் புகழலாம். அல்லது புனிதமான சொற்கள் உறுமலில் வருவதை விரும்பாது வெறுக்கலாம். எவரும் இன்னும் இசையைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை.

கேட்க வேண்டிய வினா வேறு. மந்திரம் பாடலின் முகப்பில் ஒட்டப்பட்ட அலங்காரமா, பாடலின் அமைப்பிற்குள் வேலை செய்கிறதா? வேத ஓதுதல் பொதுவாக மூன்று சுரநிலைகளுக்குள், ஒரு நடுச்சுரத்தைச் சுற்றியே இயங்குவது. ரிஃப்பும் தாழ்ந்த தந்தியின் ஒரே சுரத்தைச் சுற்றி அரைச்சுரம், ஒருசுரம் விலகித் திரும்புவது. அனுட்டுப்பு யாப்பின் ஒவ்வொரு பாதமும் எட்டு அசை கொண்டது. நான்கு எண்ணிக்கையில் அமைந்த முரசுடன் அது எளிதில் இசையும். பதினோரு அசை கொண்ட திரிட்டுப்பு அவ்வாறு எளிதில் அடங்காது. இசையமைப்பாளர் தாளத்தை வளைக்க வேண்டும், அல்லது அசையை நீட்ட வேண்டும். ருத்ராவின் பாடல்களைக் கேட்கும்போது, மந்திரம் நின்று முரசு தொடங்கும் இடத்தைக் கவனிக்கலாம். ஓதுதலின் நடை முரசுக்குள் தொடர்ந்தால் இரண்டும் ஒன்றாகியுள்ளன. அங்கே ஒரு வெட்டு விழுந்தால் அவை அருகருகே வைக்கப்பட்டவை மட்டுமே. தில்லியின் பிளட்டிவுட் குழு "ரக்ஷக்" (2022) தொகுப்பில் டோல் முரசையும் புல்லாங்குழலையும் பயன்படுத்துவதையும் இதே வினாவால் அளக்கலாம்.

மரபும் புதுமையும்

"இதில் புதிதாக ஒன்றும் இல்லை" என்பது மெட்டல் மதிப்புரைகளில் அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. 1998 இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு, 2013 இல் செருமனியின் வாக்கன் விழாவில் வாசித்த கிரிப்டோஸ் குழு வேண்டுமென்றே 1980களின் ஹெவி மெட்டலை மீட்டெடுப்பது. கலியாணி பாடும் ஒருவரை, இது முன்பே பாடப்பட்ட இராகம் என யாரும் குறைகூறுவதில்லை. அதற்குள் அவர் என்ன செய்தார் என்றே பார்ப்பர். கிரிப்டோசையும் அவ்வாறே அணுக வேண்டும். மாறாக, நீளம் உண்மையான குறையாகலாம். மெட்டாலிக்காவின் "72 சீசன்ஸ்" (2023) 77 நிமிடம் ஓடுகிறது; ரெயின் இன் பிளட் தொகுப்பை இருமுறை கேட்டு முடித்த பின்னும் நேரம் எஞ்சும். அதிலுள்ள பாடல்கள் பலவற்றில் நடுப்பகுதியைக் குறைத்திருந்தால் இழப்பு இருந்திராது என்றே தோன்றும்.

கேட்கும் முறை

அயர்ன் மெய்டன் (2007), மெட்டாலிக்கா (2011), சிலேயர் (2012) ஆகியவை பெங்களூரிலும், சுவீடனின் ஓபெத் 2009 இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவிலும் வாசித்துள்ளன. சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் போன்ற ஊர்களில் உள்ள மாணவர் ஒருவருக்கு இவ்விசை மேடையிலிருந்தன்று, பதிவிலிருந்தே, அதுவும் பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வந்து சேர்கிறது. எனவே கருவியின் குறையைத் தொகுப்பின் குறை எனக் கொள்ளாதிருக்கச் சில முன்னெச்சரிக்கைகள் தேவை.

திராஷ் பதிவுகளில் இரு தாள கிட்டார்கள் பொதுவாக இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக வைக்கப்படும். பேருந்தில் நண்பர் இருவர் ஒரே காதணி ஒலிவாங்கியைப் பகிர்ந்து கேட்டால் ஆளுக்கொரு கிட்டாரே கிடைக்கும். இறங்கியபின் இருவரும் வெவ்வேறு தொகுப்பைப் பற்றி வாதிடுவர். மிகவும் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்புகளில் முதலில் கெடுவது ஜால்ராத் தட்டுகளின் ஒலி. அது நீரலை போலச் சலசலத்தால் முரசுக் கலைஞரைக் குறைகூறலாகாது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டார் ஏறத்தாழ மறைந்துவிடும்.

இரு தொகுப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துவது இன்றியமையாதது. தாழ்ந்த ஒலியளவில் மனிதச் செவி கீழ்ச்சுரங்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் அளந்து காட்டினர். அதனால் சற்றே உரக்க ஒலிப்பது, வேறு சிறப்பு எதுவும் இல்லாமலே, நிறைவானதாகத் தோன்றும். உரப்புப் போர் நிகழ்ந்ததும் இதனாலேயே. முதல் முறை முழுத் தொகுப்பையும் பாடல்வரிசை மாற்றாமல் கேட்டு, இரண்டாம் முறை பாடல்வரிகளுடன் கேட்டு, சில நாட்கள் கழித்து மூன்றாம் முறை குறைந்த ஒலியில் கேட்பது பயன் தரும். நினைவில் எஞ்சிய ரிஃப்புகள் எவை என்பது அந்த மூன்றாம் முறையில் தெரியவரும்.

குறைந்த ஒலியில் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணிநேரம் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். 90 டெசிபெல் ஆனால் அது 4 மணிநேரமாகச் சுருங்கிவிடுகிறது.