கொலுப்படியில் மூத்தோர்

இறந்துபோன உறவினரோடு உள்ள நெருக்கம் அவர் விட்டுச் சென்ற பொருள்களாலும், அவரிடமிருந்து வந்த ரசனையாலும் நீடிக்கிறது. இரண்டும் ஒருசேர வெளிப்படும் காலம் நவராத்திரி.

திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு இந்த விழாவில் தனி இடம் உண்டு. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகளும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றன. குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில். சரஸ்வதி சிலை கம்பர் வழிபட்டது என்றும், அவருக்குப் பின் சேர மன்னரிடம் வந்தது என்றும் மரபு சொல்லும். 1956 நவம்பர் 1 அன்று இந்த மூன்று ஊர்களும் அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை.

சரஸ்வதி வீற்றிருக்கும் நவராத்திரி மண்டபத்தில், 1846இல் மறைந்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், நிறைவு நாள் ஆரபி. ஒருவர் விரும்பிய இசை, தலைமுறைகள் கடந்து அதே வரிசையில் கேட்கப்படுகிறது.

வீடுகளில் இதே வேலையைக் கொலு செய்கிறது. ஆரியசாலை, வலியசாலை, கரமனை, கோட்டை பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கொலுப் பொம்மைகள் தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வருபவை. மரப்பாச்சி ஜோடி, பெண்ணுக்குத் திருமணச் சீராகத் தரப்படுவது. செஞ்சந்தனம் போன்ற கெட்டி மரத்தில் செதுக்கப்படுவதால் அது தலைமுறைகள் தாண்டி உழைக்கும். ஆண்டுதோறும் புது உடை மட்டும் மாறும். மண் பொம்மை அப்படியல்ல. வண்ணம் உதிரும், விரல் உடையும். ஆனாலும் பாட்டி வாங்கிய பொம்மையைப் படியிலிருந்து எடுக்க யாருக்கும் மனம் வராது. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்கும் பக்குவம், எந்தப் பொம்மை எந்தப் படியில் என்ற முறை, சுண்டலின் தாளிப்பு, மாலையில் பாடும் பாட்டு எல்லாம் பொம்மைகளோடு சேர்ந்தே கைமாறுகின்றன.

இத்தகைய பிணைப்பை உளவியல் முன்பு வேறு விதமாகப் பார்த்தது. துக்கம் ஆற வேண்டுமானால் இறந்தவர் மீதான பற்றை மனம் விலக்கிக்கொள்ள வேண்டும் என்ற கருத்து, 1917இல் வெளியான ஃபிராய்டின் கட்டுரைக்குப் பின் உளவியலில் செல்வாக்குப் பெற்றது. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல் வேறு பார்வையை முன்வைத்தது. இறந்தவரோடு உள்ள பிணைப்பு வடிவம் மாறித் தொடர்வது இயல்பு, அது பலருக்கு ஆறுதலும் தருகிறது என்றது அந்த நூல்.

பரணில் பூட்டிக் கிடக்கும் பெட்டி இந்தப் பிணைப்பைத் தராது. பொருள் புழக்கத்தில் இருக்க வேண்டும். அதன் கதை பேசப்பட வேண்டும். பாட்டியைப் பார்த்தே இராத பேத்தி, அவருடைய பொம்மையை அவர் வைத்த படியில் வைக்கும்போதுதான் அவரை அறிகிறாள். ஆகவே பொம்மைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்கள், ஒவ்வொன்றையும் யார், எங்கே, எப்போது வாங்கினார் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.