ஊர் வீட்டுக் கல்சுவரும் நான் செய்த தவறும்

தொம்மலூரில் வசிக்கும் நம் சங்க அன்பர்களுக்குச் சொக்கப் பெருமாள் கோயிலைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. சொக்கநாத சுவாமி கோயில் என்ற பெயரில் மேட்டின் மேல் நிற்கும் அந்தக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயரான பி. எல். ரைஸ், 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அங்கே போகும்போது, தூணையும் உத்தரத்தையும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது என் வழக்கம். கல்லின் மேல் கல் பொருந்தி, தன் பாரத்திலேயே நிற்கும் கட்டடம் அது.

நம் பாட்டனார்கள் கட்டிய கல்வீடுகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இருக்கிறது. அந்தச் சாந்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மில் பலருக்கு வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இன்னும் ஒரு பழைய வீடு இருக்கிறது. சிலருடையது பூட்டிக் கிடக்கிறது. சிலருடையதில் வயதான தாய் தந்தையர் இருக்கிறார்கள். பழுது வந்தால் இங்கிருந்தே தொலைபேசியில் யாரிடமாவது சொல்லி, பணத்தை அனுப்பிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். இரயில்வேயில் கட்டடமும் பாலமும் பார்த்த பொறியாளன் செய்த தவறு, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிக்கு அருகே எங்கள் பூர்வீக வீடு என் தாத்தா காலத்தது. ஒன்றரை அடி கனத்தில் கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. 2006இல் வெளிச்சுவரில் சாந்து அங்கங்கே உதிர்ந்திருப்பதாகத் தம்பி சொன்னான். "சிமெண்ட் வைத்துப் பாயிண்டிங் செய்துவிடு, ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை" என்றேன். கற்களின் சந்துகள் எல்லாவற்றையும் சிமெண்டால் அடைத்து, மேலே கயிறு போலப் புடைப்பாகக் கோடு இழுத்தார்கள். பொங்கலுக்குப் போனபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது மழைக்காலத்தில் உள்சுவரில் ஈரம் தெரிந்தது. பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சு பொருபொருவென்று உதிர்ந்தது. ஓடுதான் ஒழுகுகிறது என்று நினைத்து ஓட்டை மாற்றினோம். பிறகு உதிர்ந்த இடத்திலும் சிமெண்ட் பூசி, ஆயில் பெயிண்ட் அடித்தோம். முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. வாசற்காலின் அடி இற்றுப்போய்க் கரையான் பிடித்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. அந்த அறையில் படுக்க முடியாமல் போனது. பிடிவாதமாக ஊரிலேயே இருந்தவரைத் தொம்மலூருக்கு அழைத்து வந்தேன். இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "வீடு என்னாச்சுடா?" என்று தினமும் கேட்பார்.

2018இல் ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குப் போய் நிதானமாகச் சுவரைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவரை உறவினர் அழைத்து வந்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். சிமெண்ட் கோட்டை உளியால் ஓரிடத்தில் பெயர்த்துக் காட்டினார். உள்ளே இருந்த பழைய சாந்து, நனைத்த மாவு போல இருந்தது. "சார், கருங்கல்லு தண்ணி குடிக்காது. சந்துதான் குடிக்கும், சந்துதான் வெளியே விடும். நீங்க அது வாயை அடைச்சுட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது முழுக்க முழுக்கப் பொறியியல். செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தண்ணீரை உறிஞ்சும். நல்ல கருங்கல் நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சாது. ஆகவே கருங்கல் சுவரில் மழையீரமும் தரையீரமும் போக வர இருக்கும் ஒரே வழி சாந்துதான். சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் அதிகம். உள்ளே போன ஈரம் வெயிலில் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதைவிட இறுக்கமானது. சுவர் சிறிது அசைந்தாலும் வளைந்து கொடுக்காமல் கல்லின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக மழைநீர் உள்ளே போகும். வெளியே வர வழி இருக்காது. ஆகவே அது உள்பக்கப் பூச்சைத் தேடிப் போகிறது. அங்கே நீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி, பூச்சைத் தள்ளி உடைக்கிறது.

இதில் எனக்கு வெட்கம் தந்த விஷயம் ஒன்று உண்டு. பழைய கல்பாலங்களின் பக்கச் சுவர்களில் நீர் கசிந்து வெளியேறச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். 'வீப் ஹோல்' என்போம். மழைக்காலத்துக்கு முன் அவற்றைக் குத்திச் சுத்தம் செய்தார்களா என்று ஆட்களை விரட்டி விரட்டிக் கேட்டவன் நான். பாலத்தின் மூச்சைக் காத்தவன் வீட்டின் மூச்சை அடைத்துவிட்டேன்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். நம் நாட்டில் போர்பந்தரில் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது 1914இல்தான். எனவே அதற்கு முன் கட்டிய கிராமத்து வீடு என்றால், அது சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியது என்று ஏறக்குறைய உறுதியாகவே கொள்ளலாம். பிற்காலத்து வீடுகளிலும் பல அப்படியே.

2019 தை மாதம் வேலையைத் தொடங்கினோம். முதலில் சிமெண்ட் கோட்டை உளியும் சுத்தியலும் கொண்டு கையாலேயே எடுத்தார்கள். கட்டிங் மெஷின் வைத்தால் வேகமாக முடியும். ஆனால் கல்லின் ஓரம் போய்விடும் என்று மேஸ்திரி தொடவிடவில்லை. சந்தின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம் வரை சுரண்டி, தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்தார்கள். இதற்கு முன்பே சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, தண்ணீருக்கு அடியில் சில வாரங்கள் ஊற விட்டிருந்தோம். நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் ஆபத்து. குழந்தைகளை அருகே விடவே கூடாது.

சுண்ணாம்பு, சுர்க்கி எனப்படும் செங்கல் தூள், மணல் மூன்றும் சம பங்கு. நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். தரையை ஒட்டிய பகுதிக்கு அது அவசியம். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சிறிதளவு சேர்த்து அரைத்தார்கள். அகலமான சந்துகளில் வெறும் சாந்தை அப்பாமல், சில்லுக் கற்களைச் செருகி இறுக்கினார்கள். மேல்முகம் கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளடங்கியே இருந்தது. புடைப்புக் கோடு கிடையாது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லத்தான் கல்லாகிறது. அவசரக்காரருக்கு அது ஒத்துவராது.

உள்ளேயும் சிமெண்ட் பூச்சை நீக்கிச் சுண்ணாம்பே பூசி, வெள்ளையடித்தோம். சுவர் முழுவதும் காய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. 2020 பொங்கலுக்கு அம்மா ஊருக்குத் திரும்பினார். மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவர் அங்கே, நாங்கள் இங்கே. வருத்தமாக இருந்தாலும், காய்ந்த அறையில் இருக்கிறார் என்ற நிம்மதி இருந்தது. இன்றும் அதே அறையில்தான் படுக்கிறார்.

இப்படி யோசிப்பவர்கள் நாம் மட்டுமல்ல. செட்டிநாட்டில் கோத்தமங்கலத்தில் 1910இல் கட்டிய சாரதா விலாஸ் வீட்டை மிஷேல் அட்மோன், பெர்னார் டிராகன் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் வாங்கிச் செப்பனிட்டு, விருந்தினர் இல்லமாக நடத்தினார்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. முட்டை ஓடு போல வழவழக்கும் அந்த வீடுகளின் சுவர்ப் பூச்சும் சுண்ணாம்புதான்.

ஊர் வீட்டைப் பழுது பார்க்க நினைக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். பணம் அனுப்பும் முன் ஒரு முறை நேரில் போங்கள். உதிர்ந்த சாந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரலால் நசுக்கினால் பொடியும் வெளிறிய சாந்து என்றால், பெரும்பாலும் சுண்ணாம்பு. கூரை ஒழுகல், சுவரோரம் தேங்கும் நீர், மூடிப்போன சாக்கடை இவற்றை முதலில் சரி செய்யுங்கள். அதிலேயே பாதி வேலை முடியும். கல்லைச் சுத்தம் செய்ய ஆசிட் வேண்டாம். 'கொஞ்சம் சிமெண்டும் கலந்துக்கலாம்' என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தால் மட்டும் தாமதிக்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள். அதற்குச் சாந்து மருந்தல்ல.

செலவு? பொருளுக்குச் சொற்பம், கூலிக்குத்தான் அதிகம். அந்தக் கூலி, வேலை தெரிந்த கைக்குப் போகிறது. எங்கள் மேஸ்திரி தம் பேரனையும் அழைத்து வந்திருந்தார். முதல் வாரம் சில்லுக்கல் பொறுக்கிக் கொடுத்தவன், கடைசி வாரத்தில் வடக்குச் சுவரைத் தானே முடித்தான். நம் ஊர் வீடுகளுக்கு வேலை கொடுத்தால்தான் அந்தப் பிள்ளைக்குத் தொழில் கையில் நிற்கும். இல்லையென்றால் அடுத்த முறை சுவர் உதிரும்போது, நம் பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் கூப்பிட ஆளே இருக்காது.